இருவர் இருவராக: ஜப்பானில் மார்மன் ஊழியர்களின் அன்றாடம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ உலகெங்கும் மார்மன் சபை என்ற பெயரிலேயே பரவலாக அறியப்படுகிறது. 1830ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கிய இச்சபை, விவிலியத்தோடு ‘மார்மன் புத்தகம்’ என்ற நூலையும் வேதமாகக் கொள்வதாலும், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒரே கடவுள் என்னும் திரியேகக் கோட்பாட்டை மற்றத் திருச்சபைகள் ஏற்கும் பொருளில் ஏற்காததாலும், கிறிஸ்தவ உலகின் பிற பிரிவுகளிலிருந்து தனித்தே நிற்கிறது. மார்மன் என்ற பெயரைத் தவிர்க்குமாறு சபைத் தலைமை 2018 முதல் வலியுறுத்தி வந்தாலும், வழக்கில் அப்பெயர் ஊன்றிவிட்டதால் இக்கட்டுரையும் அதையே ஆள்கிறது.

இச்சபையைப் பற்றி எதுவும் அறியாதவர்கள்கூட அதன் ஊழியர்களை எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். வெள்ளைச் சட்டையும் டையும் அணிந்து, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை குத்தி, எப்போதும் இருவராகவே நடந்தோ சைக்கிளிலோ செல்லும் இளைஞர்கள், டோக்கியோவின் புறநகர்களிலும் பிரேசிலின் சிற்றூர்களிலும் ஒரே தோற்றத்தில் காணப்படுகிறார்கள். 2024ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 74,000 பேர் இவ்வாறு முழுநேர ஊழியத்தில் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப்படிப்பை முடித்து ஓரிரு ஆண்டுகளே ஆனவர்கள்; சம்பளம் பெறாதவர்கள்; தங்கள் செலவைத் தாங்களே ஏற்பவர்கள். ஆண்கள் 24 மாதங்களும் பெண்கள் 18 மாதங்களும் பணியாற்றுகின்றனர். ஆண்களை ‘எல்டர்’, அதாவது மூப்பர் என்றும், பெண்களை ‘சிஸ்டர்’ என்றும் குடும்பப் பெயரோடு சேர்த்து அழைப்பது மரபு. மீசை அரும்பும் வயதுப் பையன் மூப்பராக அழைக்கப்படுவது வேடிக்கையாகத் தோன்றினாலும், அது அச்சபையின் குருத்துவப் படிநிலைகளுள் ஒன்றின் பெயராகும்.

இந்த ஏற்பாடு தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஊழியத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் மனைவி மக்களை விட்டுவிட்டு, கையில் காசில்லாமல், போகுமிடத்து மக்களின் விருந்தோம்பலை நம்பிப் புறப்பட்ட குடும்பத் தலைவர்கள். 1853இல் கல்கத்தாவில் வந்து இறங்கியவர்களுள் ரிச்சர்ட் பாலன்டைன் உள்ளிட்ட மூவர் இலங்கை வழியாகச் சென்னைக்கு வந்து, ஆங்கிலேயரிடையே பிரசாரம் செய்ததோடு ஒரு மாத இதழையும் அச்சிட்டனர் என்பதும், விரைவிலேயே அந்த முயற்சி பெரிதாகப் பலிக்காமல் முடிந்தது என்பதும் தமிழகத்தோடு இவ்வரலாற்றுக்குள்ள பழைய தொடர்பாகும். மணமாகாத பெண்கள் பிரசார ஊழியத்துக்கு முதன்முதலாக அனுப்பப்பட்டது 1898இல்தான். இருபதாம் நூற்றாண்டில் குடும்பத் தலைவர்களின் இடத்தை மணமாகாத இளைஞர்கள் பிடித்தனர். 2012 அக்டோபரில் ஆண்களுக்கான குறைந்தபட்ச வயது 19இலிருந்து 18ஆகவும், பெண்களுக்கு 21இலிருந்து 19ஆகவும் குறைக்கப்பட்டதும், அதுவரை 60,000க்குள் இருந்த ஊழியர் எண்ணிக்கை இரண்டே ஆண்டுகளில் 80,000ஐத் தாண்டியது.

ஊழியத்துக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் எந்த நாட்டுக்குப் போவது என்பதைத் தேர்ந்தெடுக்க முடியாது. மருத்துவரும் பல் மருத்துவரும் அளிக்கும் சான்றுகள், உள்ளூர்ச் சபைத் தலைவர் நடத்தும் நேர்காணல் ஆகியவற்றுக்குப் பிறகு விண்ணப்பம் தலைமையகத்துக்குச் செல்ல, அங்கிருந்து ‘அழைப்பு’ வருகிறது. முன்பு பெரிய வெள்ளை உறையில் தபாலில் வந்த அக்கடிதம் இப்போது இணையவழி வந்தாலும், உற்றார் உறவினரைக் கூட்டிவைத்து அனைவர் முன்னிலையிலும் அதைத் திறந்து வாசிக்கும் வழக்கம் மறையவில்லை. அடுத்த தெருவைப் போலப் பழகிய அண்டை மாநிலமும் வரலாம், பெயர் மட்டுமே கேள்விப்பட்ட நாடும் வரலாம். இரண்டையும் கடவுளின் தீர்மானமாகவே ஏற்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

ஜப்பான் என்று அழைப்பு வந்தால் முதல் தடை மொழி. யூட்டாவின் புரோவோ நகரில் உள்ள ஊழியர் பயிற்சி மையத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் கற்பிக்கப்படுகின்றன. ஜப்பானிய மொழிக்கு ஒதுக்கப்படுவது ஏறத்தாழ ஒன்பது வாரங்கள். சேர்ந்த சில நாட்களிலேயே, மதம் அறிய வந்தவராக நடிக்கும் ஒருவரிடம், அரைகுறை ஜப்பானிய மொழியில் பாடம் நடத்தும்படி மாணவர் பணிக்கப்படுகிறார். தப்பும் தவறுமாகப் பேசிப் பழகுவதே அங்குள்ள கல்விமுறை. வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருவதும், வயதுக்கும் தகுதிக்கும் ஏற்ப மரியாதை வடிவங்கள் மாறுவதும் தமிழ் பேசுபவருக்கு வியப்பளிக்காது; ஆங்கிலம் மட்டுமே அறிந்து வளர்ந்தவருக்கோ அவை மண்டையை உடைக்கும் சங்கதிகள். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் இம்மையங்கள் மூடப்பட்டபோது தொடங்கிய இணையவழிப் பயிற்சி பின்னரும் நிலைத்து, இப்போது பயிற்சியின் முதல் பகுதியைப் பலர் வீட்டிலிருந்தே முடிக்கின்றனர்.

செலவுக் கணக்கும் விளக்கத்துக்கு உரியது. முன்பு ஒவ்வொருவரும் தாம் பணியாற்றும் நாட்டின் விலைவாசிக்கேற்பச் செலவிட வேண்டியிருந்ததால், டோக்கியோவுக்கு அனுப்பப்பட்ட மகனின் பெற்றோர் தென் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட மகனின் பெற்றோரைக் காட்டிலும் பல மடங்கு சுமந்தனர். 1990களின் தொடக்கத்தில் இது சமப்படுத்தப்பட்டு, அமெரிக்க ஊழியர் எந்நாட்டில் இருந்தாலும் ஒரே மாதத் தொகையைப் பொது நிதிக்குச் செலுத்துவது என்றாகி, 2020 ஜூலையில் அத்தொகை 400 டாலரிலிருந்து 500 டாலராக உயர்ந்தது. வாடகையை, அப்பகுதி ஊழியத்தை நிர்வகிக்கும் மிஷன் அலுவலகம் கட்டிவிட, உணவுக்கும் பயணத்துக்கும் அளவான படி அவருக்குத் திரும்பி வருகிறது. பதின்ம வயது முழுவதும் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை, இரண்டு ஆண்டுகள் கதவு தட்டுவதற்குச் செலவிடுகிறார் என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

ஜப்பானில் இச்சபையின் வரலாறு ஊக்கமூட்டும் வரலாறன்று. 1901 ஆகஸ்டில் யோகோஹாமா துறைமுகத்தில் இறங்கிய ஹீபர் கிராண்ட் தலைமையிலான நால்வரில் ஒருவரும் ஜப்பானிய மொழி அறிந்தவரல்லர். அவர்களுள் இளையவரான ஆல்மா டெய்லருக்கு அப்போது வயது 19. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அங்கேயே தங்கி, மொழியைக் கற்று, மார்மன் புத்தகத்தை மொழிபெயர்த்து 1909இல் வெளியிட்டார். ஆனால் 1924இல் அந்த மிஷன் மூடப்பட்டபோது, 23 ஆண்டுகளில் 88 ஊழியர்கள் உழைத்து ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் 166 பேர் மட்டுமே. மூட உத்தரவிட்டவர், அதற்குள் சபையின் உலகத் தலைவராகியிருந்த அதே ஹீபர் கிராண்ட். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1948இல் மிஷன் மீண்டும் திறக்கப்பட்டு, 1980இல் டோக்கியோவில் ஆலயம் அமைந்து, ஓரளவு வளர்ச்சி ஏற்பட்டபோதிலும், எல்லாத் திருச்சபைகளையும் சேர்த்தாலும் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலேயே உள்ள நாடு அது.

அந்த நாட்டில் ஊழியரின் நாள் காலை 6.30 மணிக்குத் தொடங்குகிறது. அரைமணி நேர உடற்பயிற்சி, குளியல், உணவு ஆகியவை முடிந்ததும் தனியாக ஒரு மணி நேர வேதப் படிப்பு, பிறகு இணை ஊழியரோடு சேர்ந்து ஒரு மணி நேரம், அதன்பின் மொழிப்பாடம் என்று முற்பகலின் பெரும்பகுதி கழிகிறது. 2017இல் கால அட்டவணை சற்றுத் தளர்த்தப்பட்டு, உள்ளூர் வழக்கத்துக்கேற்ப நேரங்களை மாற்றிக்கொள்ள இடமளிக்கப்பட்டாலும், விழிப்பது முதல் இரவு 10.30 மணிக்கு விளக்கணைப்பது வரை நாளின் ஒவ்வொரு பகுதிக்கும் வேலை வகுக்கப்பட்டிருப்பதில் மாற்றமில்லை. வெளியே செல்லும் நேரங்களில் வீடுகளைத் தேடிப் போதல், ரயில் நிலையங்களுக்கு அருகில் வழிப்போக்கரிடம் பேசுதல், அண்மைக் காலமாகச் சமூக ஊடகங்களில் தொடர்புகொள்ளுதல், சபைக்கு வராமல் நின்றுவிட்ட பழைய உறுப்பினர்களைப் பார்த்தல் ஆகியவை நடைபெறுகின்றன. ஜப்பானியரை ஈர்ப்பதில் இவற்றைவிடப் பயன் தந்தது இலவச ஆங்கில உரையாடல் வகுப்பு. மதத்தில் துளியும் நாட்டமில்லாத மாணவர்களும் ஓய்வுபெற்றவர்களும் வாரந்தோறும் அதற்கு வந்துபோகிறார்கள்.

வீடு வீடாகச் செல்வதில் உள்ள இடர்ப்பாடு வசையோ அடியோ அன்று. எதுவுமே நடக்காமல் போவதுதான். ஜப்பானிய வீட்டின் வாசலில் பேசுபொறி பொருத்தப்பட்டிருக்கும். பொத்தானை அழுத்தினால் உள்ளிருந்து குரல் மட்டும் வரும். வந்தவர் மதம் பற்றிப் பேச வந்தவர் என்று தெரிந்ததும், மிகுந்த பணிவோடு, வேண்டாம் என்று பொருள்படும் ஓரிரு சொற்கள் வரும். பிறகு குரல் நின்றுவிடும். முகம் பாராமலேயே ஒரு தெரு முடிந்து அடுத்த தெரு தொடங்கும். 1995 மார்ச்சில் டோக்கியோவின் சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக்குழு நச்சுவாயுவைப் பரப்பியதற்குப் பிறகு, வாசலுக்கு வரும் எந்த மதத்தாரையும் ஜப்பானியர் ஐயத்தோடு பார்க்கத் தொடங்கினர். 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே கொல்லப்பட்டதும், ஒரு மதக்குழுவுக்குத் தாய் வாரி வழங்கியதால் குடும்பம் நொடித்ததே கொலையாளியின் சினத்துக்குக் காரணம் என்பது வெளிவந்ததும், அந்த ஐயத்தை மேலும் கூர்மையாக்கின. இவற்றோடு எவ்வகையிலும் தொடர்பில்லாத, இடாஹோ மாநிலத்துப் பண்ணையில் வளர்ந்த 19 வயது இளைஞர் அதன் விளைவை வாசலில் நின்று ஏற்க வேண்டியிருக்கிறது.

அரிதாகக் கதவு திறந்து உள்ளே அழைக்கப்பட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. செருப்பைக் கழற்றி வாசலுக்கு நேராகத் திருப்பி வைத்து, பாய் விரித்த தரையில் முழங்கால் மடித்து உட்கார்ந்ததும், வீட்டுக்காரர் தேநீர் கொண்டுவருவார். மது, புகையிலை, காப்பி, தேநீர் நான்கையும் விலக்கும் ‘ஞான வார்த்தை’ என்ற உணவு விதி மார்மன்களுக்கு உண்டு. தேயிலையிலிருந்து வருவதால் பச்சைத் தேநீருக்கும் அவ்விலக்கு பொருந்தும். விருந்தோம்பலின் முதல் கோப்பையை மறுப்பது எப்படி என்பதை ஜப்பான் செல்லும் ஒவ்வோர் ஊழியரும் வெகு சீக்கிரம் கற்க வேண்டியிருக்கிறது. வறுத்த பார்லியைக் காய்ச்சி வடித்த ‘முகிச்சா’ என்னும் பானத்தில் தேயிலை இல்லை என்பதால் அது கோடையில் அவர்களைக் காப்பாற்றுகிறது. குளிர்காலத்தில் வெந்நீரைக் கேட்டு வாங்கிக் குடிப்பதைத் தவிர வழியில்லை.

இவை எல்லாவற்றையும்விட, ஊழியம் முடித்தவர்கள் அதிகம் பேசுவது இணை ஊழியரைப் பற்றித்தான். குளியலறை நீங்கலாக எங்கும் எப்போதும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும், கேட்கும் தொலைவிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. இணையைத் தேர்ந்தெடுப்பவர் மிஷன் தலைவர்; மனைவியோடு மூன்று ஆண்டுகள் அந்நாட்டில் தங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்களை மேற்பார்க்கும் நடுவயதினர் அவர். ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு ஒருமுறை வரும் இடமாற்றத்தில் இணை மாறலாம், ஊரும் மாறலாம். விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுபவரும், மதியம் வரை படுத்திருக்க விரும்புபவரும் ஒரே சின்னஞ்சிறு அடுக்ககத்தில், ஒரே சமையலறையில், ஒரே பாடத்தை நடத்திக்கொண்டு வாழ வேண்டும். அமெரிக்கரும் ஜப்பானியரும் இணைக்கப்படும்போது, ஒருவர் வெளிப்படையாகக் கோபிப்பதும் மற்றவர் வாய்திறவாமல் ஒதுங்குவதும் புதிய பிணக்குகளைக் கிளப்பும். தவறிழைக்காமல் ஒருவரையொருவர் காக்கவும், ஆபத்தில் உதவவும் வகுக்கப்பட்ட இவ்விதி அந்த இரண்டு நோக்கங்களையும் பெருமளவு நிறைவேற்றுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தனிமை என்பதே இல்லாத இரண்டு ஆண்டுகளில், மனம்விட்டுப் பேச ஆளில்லாத தனிமை ஒன்று உண்டாகிறது என்பதும் உண்மை.

வீட்டோடு உள்ள தொடர்பும் நெடுங்காலம் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. வாரம் ஒரு கடிதம் அல்லது மின்னஞ்சல், ஆண்டுக்கு இருமுறை, கிறிஸ்துமஸ் அன்றும் அன்னையர் நாளன்றும், தொலைபேசி அழைப்பு என்பதே வழக்கம். 2019 பிப்ரவரியில்தான் வாரந்தோறும் பெற்றோரிடம் தொலைபேசியிலோ காணொளியிலோ பேசலாம் என்று சபை அறிவித்தது. அதற்குரிய நேரம் வாரம் ஒருமுறை வரும் ‘ஆயத்த நாள்’. துணி துவைத்தல், கடைக்குப் போதல், முடிவெட்டிக்கொள்ளுதல், ஊர் சுற்றிப் பார்த்தல் ஆகிய அனைத்தும் அந்த ஒரு நாளின் மாலைக்குள் முடிந்துவிட வேண்டும். திரைப்படம், தொலைக்காட்சி, நாவல், காதல், நீச்சல் எதற்கும் அனுமதியில்லை. ஊரில் காத்திருப்பதாகச் சொன்ன பெண், பாதி வழியில் வேறொருவரை மணக்கப்போவதாக எழுதும் கடிதம் இவ்வாழ்க்கையின் பழகிப்போன அங்கதமாகிவிட்டது. பெறுபவருக்கு அது அங்கதமாக இருப்பதில்லை.

உயிருக்கு நேரும் ஆபத்து ஜப்பானில் குறைவு. சைக்கிள் விபத்தும் கோடை வெப்பமுமே பெரும் கவலை. எல்லா நாடுகளும் அப்படியல்ல. 1968 ஜூனில் பிரான்சில் ஊழியராக இருந்த மிட் ராம்னி ஓட்டிச் சென்ற கார் மீது எதிரே வந்த வண்டி மோதியதில், மிஷன் தலைவரின் மனைவி உயிரிழந்தார். பின்னாளில் அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிட்ட ராம்னி அன்று படுகாயத்தோடு தப்பினார். 1989 மே மாதம் பொலிவியாவின் லா பாஸ் நகரில் இரண்டு அமெரிக்க ஊழியர்கள் தீவிரவாதிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2016 மார்ச்சில் பிரசல்ஸ் விமான நிலையக் குண்டுவெடிப்பில் ஊழியர்கள் சிலர் காயமுற்றனர். அதே 2016இல் ரஷ்யா வழிபாட்டிடங்களுக்கு வெளியே மதப் பிரசாரத்தைக் கட்டுப்படுத்திச் சட்டம் இயற்றியபின், அங்குள்ள ஊழியர்கள் ‘தன்னார்வலர்கள்’ என்ற பெயரில், கதவு தட்டாமல் பணியாற்றும் நிலை ஏற்பட்டது.

பலன் எவ்வளவு என்ற கேள்விக்கு எண்கள் ஓரளவு விடை தருகின்றன. 2024இல் உலகெங்கும் புதிதாகச் சேர்ந்தவர்கள் மூன்று லட்சத்துக்குச் சற்று மேல். ஊழியர் ஒருவருக்கு ஆண்டுக்கு நான்கு பேர் என்ற சராசரி. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் அதிகம் என்பதால், ஜப்பானில் ஆண்டு முழுவதும் நடந்தும் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்காமல் திரும்புவோர் உண்டு. எண்ணிக்கைக்காக நெருக்கியபோது நேர்ந்த விபரீதங்களும் பதிவாகியுள்ளன. 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் பிரிட்டனில் சிறுவர்களைப் பேஸ்பால் அணியில் சேர்த்துக்கொள்வதாக அழைத்து, விளையாட்டுக்கான சடங்கு போலவே ஞானஸ்நானம் கொடுத்து உறுப்பினர் பட்டியலில் ஏற்றியது ‘பேஸ்பால் ஞானஸ்நானம்’ என்ற ஏளனப் பெயரோடு சபை வரலாற்றில் நிலைத்துவிட்டது. 1970களின் இறுதியில் டோக்கியோவிலும் இதே அவசரம் தலைகாட்டி, சேர்ந்த வேகத்திலேயே பெரும்பாலோர் காணாமற்போயினர்.

ஆகவே இந்த ஏற்பாட்டை மதமாற்றக் கருவியாக மட்டும் அளந்தால் கணக்கு இடிக்கிறது. வாசலில் நிற்பவரைத்தான் அது உறுதியாக மாற்றுகிறது. இரண்டு ஆண்டுகள் தன் நம்பிக்கையை அந்நிய மொழியில் நாள்தோறும் எடுத்துரைத்து, நாள்தோறும் மறுக்கப்பட்டு, அதற்காகத் தன் சேமிப்பையும் செலவழித்த ஒருவர், அந்த நம்பிக்கையை எளிதில் கைவிடுவதில்லை. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குத் தருபவராகவும், ஊதியமின்றி உள்ளூர்ப் பொறுப்புகளைச் சுமப்பவராகவும் அவர் வாழ்கிறார். மொழி கூடுதல் வரவு. தைவானில் ஊழியம் செய்து சீனம் கற்ற ஜான் ஹன்ட்ஸ்மன் 2009இல் சீனாவுக்கான அமெரிக்கத் தூதரானார். 1971இல் ஊழியராக ஜப்பான் சென்ற கென்ட் கில்பர்ட், பின்னர் வழக்கறிஞராகத் திரும்பி, அந்நாட்டுத் தொலைக்காட்சியில் வீடுதோறும் அறிந்த முகமானார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மன அழுத்தம், நோய், இணையோடு ஒவ்வாமை, நம்பிக்கையில் விழுந்த கீறல் என்று ஏதோ ஒரு காரணத்தால் காலம் முடியுமுன் ஊர் திரும்புவோர், விமான நிலையத்தில் பதாகையோடு வரவேற்கப்படுவதில்லை. ஊரே கூடி வழியனுப்பிய இடத்துக்கு ஏழாம் மாதத்திலேயே வந்து நிற்கும் இளைஞரிடம், என்ன தவறு செய்தார் என்ற கேள்வி கேட்கப்படாமலே கேட்கப்படுகிறது. அண்மைக் காலத்தில் மனநல ஆலோசகர்களை ஏற்பாடு செய்வதும், வீட்டிலிருந்தபடியே சமூகப் பணி செய்யும் ‘சேவை ஊழியம்’ என்ற மாற்றுவழியை அளிப்பதும் சபைத் தலைமை இதை உணர்ந்திருப்பதற்குச் சான்று. குடும்பங்களும் ஊர்ச் சபைகளும் அதே அளவுக்கு உணர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ஞானஸ்நானம் பெற்றோர் எத்தனை பேர், களத்தில் இருப்போர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில், பாதியில் திரும்பியோர் எத்தனை பேர் என்ற வரியையும் சபை சேர்க்க வேண்டும். பதினெட்டு வயதில் இந்த முடிவை எடுப்பவருக்கும் அவருடைய பெற்றோருக்கும் அந்த எண்ணை அறியும் உரிமை உண்டு.